ஃபேண்டஸி எழுத்தாளர்கள் நாள் முழுக்க எழுதுகிறார்களா, பிரெட் சுடுகிறார்களா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஃபேண்டஸி நாவல் எழுதுகிறவர்கள் தங்கள் அன்றாடத்தைப் பற்றிப் பகிர்வதைப் பார்த்தால் காலையில் கொஞ்சம் எழுத்து, மதியம் வீட்டிலேயே சுட்ட பிரெட், சாயங்காலம் மடியில் பூனை, கையில் புத்தகம் என்றே இருக்கிறது. இது நிஜ வாழ்க்கையா, விளம்பரமா? நாமும் எழுத ஆரம்பித்தால் இப்படி வாழ முடியுமா?

பாதி நிஜம். எழுத்து, பிரெட், புத்தகம் மூன்றுமே உண்டு. படத்தில் விழாதவை காத்திருப்பு, காசுக் கணக்கு, சிங்க்கில் கிடக்கும் பாத்திரம். அதோடு, அந்த பிரெட் சும்மா அழகுக்காக அங்கே வந்து உட்காரவில்லை என்பது என் கருத்து. எழுத்து வேலையின் நேரக்கணக்குக்கு அச்சாகப் பொருந்துகிற வீட்டு வேலை அது. கற்பனை உலகம் கட்டுகிறவர்களுக்கு அதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எழுதும் நேரம். பலரும் இதில்தான் தப்புக் கணக்கு போடுகிறார்கள். முழுநேர எழுத்தாளர் என்றால் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை தட்டிக்கொண்டே இருப்பார் என்று நினைப்பு. 1968இல் 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ'யை எழுதிய அர்சுலா லெ குவின், தனக்கு வாய்க்க வேண்டிய நாள் எப்படி இருக்கும் என்று ஒரு பேட்டியில் பட்டியல் போட்டிருக்கிறார். ஐந்தரைக்கு விழிப்பு, ஆனால் எழுந்திருக்காமல் படுத்தபடியே யோசிப்பது. ஆறே காலுக்கு எழுந்து காலைச் சாப்பாடு, அதுவும் நிறைய. ஏழே காலுக்கு எழுத உட்கார்ந்தால் மதியம் வரைக்கும் எழுத்துதான். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. ஒன்று முதல் மூன்று வரை படிப்பு, இசை. மூன்று முதல் ஐந்து வரை கடிதங்களுக்குப் பதில், முடிந்தால் வீட்டைச் சுத்தம் செய்வது. ஐந்து முதல் எட்டு வரை சமைத்துச் சாப்பிடுவது. எட்டுக்கு மேல் தன் மூளை வேலை செய்யாது, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம் என்று முடித்திருப்பார்.

கூட்டிப் பாருங்கள். எழுத்துக்கு ஐந்து மணி நேரம்கூட முழுசாக இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம்! அதுவும் நடந்தால் நல்லது என்கிற நாள்தான். அவருக்கு மூன்று குழந்தைகள். அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் அவர்களைத் தூங்க வைத்த பிறகுதான் எழுத்து. ஒரே ஆளால் இரண்டு முழுநேர வேலை பார்க்க முடியாது, இரண்டு பேர் சேர்ந்தால் மூன்று முழுநேர வேலை பார்த்துவிடலாம் என்பது அவர் கருத்து. ஓரிகனில் போர்ட்லண்ட் நகரத்து வீட்டில் அவரும், வரலாற்றுப் பேராசிரியரான கணவர் சார்ல்ஸும் அப்படித்தான் ஓட்டினார்கள்.

நகைச்சுவை ஃபேண்டஸி எழுதிய டெர்ரி பிராட்செட் கதை வேறு. 1980களில் அவர் இங்கிலாந்தின் மத்திய மின் உற்பத்தி வாரியத்தில் பத்திரிகைத் தொடர்பு அதிகாரி. அணுமின் நிலையங்களைப் பற்றி நிருபர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டிய வேலை. அது முடிந்து வீட்டுக்கு வந்து, ராத்திரிக்கு 400 வார்த்தை. அவ்வளவுதான் இலக்கு. அவருடைய டிஸ்க்வேர்ல்ட் நாவல் வரிசை 1983இல் தொடங்கியது. அவர் வேலையை விட்டது 1987இல். வரிசையின் முதல் புத்தகங்களெல்லாம் இந்த மாதிரி ராத்திரிகளில் எழுதியவை.

சரி, ஒரு ஃபேண்டஸி நாவல் சுமார் ஒரு லட்சம் வார்த்தை என்று வைத்துக்கொள்வோம். தினம் ஆயிரம் வார்த்தை, வாரம் ஐந்து நாள் எழுதினால் இருபது வாரத்தில் முதல் வரைவு வந்துவிடும். அப்புறம் திருத்தி எழுதுவது, எடிட்டர் குறிப்புகள், இன்னொரு திருத்தம், வரிவரியாக மொழி பார்ப்பது, அச்சுப்படி. பெரிய பதிப்பகம் என்றால், பிரதியைக் கொடுத்த நாளிலிருந்து புத்தகம் கடைக்கு வர ஒரு வருஷம், அதற்கு மேலும் ஆகும். ஆக, இன்று எழுதிய பக்கத்தை ஒரு வாசகர் படித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று சொல்ல இரண்டு வருஷம்கூட ஆகலாம்.

பிரெட் இங்கேதான் உள்ளே வருகிறது. இரண்டு வருஷத்தில் முடிகிற வேலையைச் செய்கிறவருக்கு இன்றைக்கே முடிகிற வேலை ஒன்று வேண்டியிருக்கிறது. சிலருக்கு அது தோட்டம். ராபின் மெக்கின்லி அமெரிக்கக்காரர். சக எழுத்தாளர் பீட்டர் டிக்கின்சனை 1992இல் திருமணம் செய்துகொண்டு இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயருக்குக் குடிபோனவர். அவருடைய நாட்களில் ரோஜாச் செடிகள், விப்பெட் நாய்கள், தேவாலய மணியடிப்பு எல்லாம் இருந்தன. (ஆங்கிலேய மணியடிப்பு நம் ஊர்க் கோயில் மணி மாதிரி இல்லை. ஆளுக்கொரு கயிறு பிடித்து, மணிகளின் வரிசையைக் கணக்குப்படி மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். மனப்பாடமும் வேண்டும், உடம்பும் வேண்டும்.) ஆனால் தோட்டத்துக்கும் மணிக்கூண்டுக்கும் வெளியே போக வேண்டும். பிரெட் வீட்டுக்குள்ளேயே, எழுதும் மேசைக்குப் பக்கத்து அறையில் நடக்கிறது. பெரும்பாலும் தன்னாலேயே நடக்கிறது.

புளிக்க வைத்த மாவுக்கு நம் கை தேவைப்படுவது கொஞ்ச நேரம்தான். சவர்டோ என்கிற, ஈஸ்ட் பாக்கெட் போடாத பிரெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாவு, தண்ணீர், உப்பு, ஏற்கெனவே புளித்த ஸ்டார்ட்டர் நான்கையும் கலக்கப் பத்து நிமிஷம். பிறகு அரை மணிக்கு ஒரு தடவை, மூன்று நான்கு முறை, மாவை இழுத்து மடிக்க வேண்டும். கையை நனைத்துக்கொண்டு, பாத்திரத்தின் ஓரத்தில் விரல்களை விட்டு, ஒரு பக்கத்து மாவைத் தூக்கி, இனிமேல் இழுத்தால் கிழிந்துவிடும் என்று தோன்றும் வரைக்கும் இழுத்து, எதிர்ப்பக்கத்தின் மேல் போடுவது. பாத்திரத்தைக் கால்வட்டம் திருப்பி மறுபடியும். முதல் சுற்றில் மாவு கையோடு வரும், பாத்திரத்தோடும் ஒட்டும், பார்க்கவே சகிக்காது. மூன்றாவது சுற்றில் அதே மாவு ஒரே துண்டாக எழுந்து வரும். மேல்தோல் பளபளவென்று இருக்கும், ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம் தெரியும். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிஷம் போதும். நடுவில் இருக்கிற அரை மணிகள் எழுத்துக்கு.

இதற்கு ஒரு பலன் இருக்கிறது. அரை மணிக்கு ஒரு தடவை நாற்காலியை விட்டு எழுந்திருப்பது முதுகுக்கு நல்லது, சிக்கிக்கொண்ட காட்சிக்கும் நல்லது. திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் வராத வாக்கியம் கை ஈரமாக இருக்கும்போது வந்து நிற்கும், எழுதத்தான் முடியாது. எல்லாம் முடிந்ததும் மாவை ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு மறுநாள் காலை சுட்டால் ஆயிற்று.

இவ்வளவுகூட வேண்டாம் என்கிறவர்களுக்காக ஒரு முறை உண்டு. நியூயார்க்கில் சல்லிவன் ஸ்ட்ரீட் பேக்கரி வைத்திருக்கும் ஜிம் லேஹியின் பிசையாத பிரெட். 2006 நவம்பரில் மார்க் பிட்மன் நியூயார்க் டைம்ஸில் அதைப் பற்றி எழுத, வீட்டில் பிரெட் சுடும் பழக்கமே மாறிப்போனது. சிட்டிகை ஈஸ்ட், நிறையத் தண்ணீர், 12 முதல் 18 மணி நேரம் சும்மா விட்டுவிடுவது, பிறகு மூடிபோட்ட கனமான சட்டியில் சுடுவது. நேரம்தான் பிசைகிறது, ஆள் பிசைவதில்லை.

எல்லா பேக்கிங்கும் இந்தக் கணக்கில் சேராது. வெண்ணெயை அடுக்கடுக்காக மடிக்கும் குரோசான், ஐசிங்கில் பூ வைக்கும் கேக் எல்லாம் முழுக் கவனத்தையும் கேட்கிற வேலை. ஒரு எழுத்தாளர் வார நாளில் மூன்றடுக்கு கேக் படம் போட்டால், அன்றைக்கு அத்தியாயத்துக்கு மட்டம் போட்டிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வேன். பிரதி கொடுக்க வேண்டிய நாள் நெருங்க நெருங்க கேக்கின் உயரம் கூடும்.

இப்போது அந்த இன்னொரு லாபம். கையில் மாவு ஒட்டியவர் எழுதுகிற கற்பனை நாட்டில் அது தெரியும். டயானா வின் ஜோன்ஸ் 1996இல் 'தி டஃப் கைடு டு ஃபேண்டஸிலேண்ட்' என்று ஒரு கிண்டல் அகராதி போட்டார். ஃபேண்டஸி நாட்டுக்குச் சுற்றுலா போகிறவர்களுக்கான கையேடு மாதிரி இருக்கும். அங்கே எப்போதும் கிடைக்கிற சாப்பாடு ஸ்டியூதான் என்று அதில் கேலி செய்கிறார். ஸ்டியூ கொதிக்க மணிக்கணக்காகும். நாள் முழுக்க நடந்து களைத்தவர்கள் ராத்திரி அடுப்பு மூட்டி அதையா செய்வார்கள் என்பது விஷயம். பிரெட்டுக்கும் இதே கேள்வி உண்டு. எதிரிகள் துரத்த, காட்டுக்குள் ஓடுகிற வீரர்கள் மறுநாள் காலை பஞ்சு மாதிரி சூடான பிரெட் பிய்த்துத் தின்கிறார்கள் என்றால், மாவை எங்கே வைத்துப் புளிக்க விட்டார்கள்? ஓவன் எங்கே? தணலில் போட்டெடுத்த தட்டையான அடை என்றால் ஒப்புக்கொள்ளலாம். இரண்டு முறை சுட்டுக் காயவைத்த கல் மாதிரி பிஸ்கட் என்றாலும் சரி, கப்பல்காரர்கள் அதைத்தான் மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு போனார்கள். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் இதில் கெட்டிக்காரர். ஹாபிட் என்கிற குட்டி மனிதர் வீட்டில் இருக்கும்போது விதை போட்ட சீட் கேக். பயணத்தில் இலையில் சுற்றிய, எல்ஃப்கள் சுட்ட லெம்பாஸ் என்கிற ரொட்டி. ஒன்றைத் தின்றால் ஒரு நாள் நடக்கலாம். பிராட்செட் அதையும் தலைகீழாக்கினார். அவருடைய குள்ளர்களின் பிரெட் ஆயுதமாகப் பயன்படும் அளவுக்குக் கடினம். அது பையில் இருந்தால் பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஏனென்றால் அதைத் தின்பதற்குப் பதிலாக வேறு எதை வேண்டுமானாலும் தின்னத் தயாராகிவிடுவீர்கள். 'ஃபீட் ஆஃப் கிளே' நாவலில் அந்த பிரெட்டுக்கு ஒரு அருங்காட்சியகமே உண்டு.

இதெல்லாம் மேல்மட்டம்தான். கொஞ்சம் தோண்டினால் பிரெட்டின் வரலாற்றிலேயே நாலைந்து நாவலுக்குக் கரு கிடக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பிரெட்டுக்கும் ஏல் என்கிற பீர் வகைக்கும் ஒரு சட்டம் போட்டார்கள். கோதுமை விலை ஏறினால் பிரெட்டின் விலை ஏறாது, எடை குறையும். அதே காசுக்குச் சின்ன பிரெட். எடையில் ஏமாற்றும் பேக்கருக்கு அபராதம், மிஞ்சினால் ஊர் நடுவில் தொழுமரத்தில் மாட்டி நிறுத்துவார்கள். இப்படி ஒரு சட்டம் உள்ள கற்பனை ராஜ்ஜியத்தில், பஞ்சம் வந்ததை ஒரு சிறுமி கையில் வாங்கிய பிரெட்டின் கனத்திலேயே தெரிந்துகொள்வாள். பஞ்சம் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பிரான்சில் பல ஊர்களில் ஓவன் நிலப்பிரபுவுக்குச் சொந்தம். குடியானவர்கள் தங்கள் மாவை அங்கே கொண்டுபோய்த்தான் சுட வேண்டும், அதற்குக் கட்டணமும் தர வேண்டும். மாவு அரைக்கும் ஆலையும் அப்படியே. ஓவன் கதவை ஒரு வாரம் சாத்தினால் ஒரு ஊரையே பணிய வைக்கலாம். மந்திரவாதி எதற்கு? ஈஸ்ட்டும் கடையில் கிடைக்கிற பொருளாக இருக்கவில்லை. ஏல் காய்ச்சும்போது மேலே திரளும் நுரையை எடுத்து வந்துதான் மாவைப் பொங்க வைத்தார்கள். அதனால் பேக்கருக்கும் ஏல் காய்ச்சுகிறவருக்கும் பகை வந்தால் ஊருக்கே பிரெட் தட்டையாகிவிடும். கோதுமைக்கு உறவான ரை பயிரில் எர்காட் என்று ஒரு பூஞ்சை வரும். அந்த மாவில் செய்த பிரெட்டைத் தின்றவர்களுக்குக் கை கால் எரியும், வலிப்பு வரும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். 1666இல் லண்டன் நகரத்தையே எரித்த தீ கிளம்பியது புட்டிங் லேன் பேக்கரி ஒன்றிலிருந்து. 1789 அக்டோபரில் பாரிஸ் பெண்கள் வெர்சாய் அரண்மனைக்கு நடந்ததும் பிரெட் கிடைக்கவில்லை என்றுதான். ராஜா ராணி வாரிசுச் சண்டையையே சுற்றிச் சுற்றி எழுதுகிற நாவல்களைவிட இதில் எனக்கு ருசி அதிகம்.

ஓவன் சூட்டைக் கதைக்கு நடுவிலேயே கொண்டுவந்து வைத்தவர்கள் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் மேலே சொன்ன மெக்கின்லி. 2003இல் வந்த 'சன்ஷைன்' நாவலின் நாயகி ஒரு காபிக் கடையில் சினமன் ரோல் சுடுகிறவள். விடியற்காலை நான்கு மணிக்கு மாவில் கை வைக்க வேண்டும். அவள் ரத்தக்காட்டேரிகளிடம் மாட்டிக்கொண்டு தப்பி வந்த பிறகும் அந்த நான்கு மணி மாறாது. மறுபடி போய் ரோல் சுட்டே ஆக வேண்டும். பயங்கரம் ஒரு பக்கம், டூட்டி ஒரு பக்கம். அந்தப் பிடிவாதம்தான் புத்தகத்தை நம்ப வைக்கிறது. மற்றவர் அர்சுலா வெர்னன். குழந்தைகளுக்குச் சொந்தப் பெயரிலும், பெரும்பாலும் பெரியவர்களுக்கு டி. கிங்ஃபிஷர் என்ற பெயரிலும் எழுதுகிறவர். கிங்ஃபிஷர் பெயரில் வந்த 'எ விசர்ட்ஸ் கைடு டு டிஃபென்சிவ் பேக்கிங்' கதையில் பதினாலு வயது மோனாவின் மந்திரம் பிரெட்டிடம் மட்டும்தான் பலிக்கும். பிரெட் காயாமல் இருக்கச் சொல்லலாம், இஞ்சி பிஸ்கட் பொம்மையை ஆட வைக்கலாம், அவ்வளவுதான். பேக்கரி நிலவறையில் இருக்கும் சவர்டோ ஸ்டார்ட்டருக்குப் பாப் என்று பெயர், சுபாவம் கொஞ்சம் முரட்டுத்தனம். வீட்டில் ஸ்டார்ட்டர் வளர்த்தவர்கள் பலரும் அதற்குப் பெயர் வைப்பதுண்டு. அந்தப் பழக்கத்தைக் கதாபாத்திரமாக்கிவிட்டார். அந்த மோனாதான் கடைசியில் நகரத்தைக் காக்க வேண்டியிருக்கிறது. புத்தகம் சின்னப் பதிப்பகம் வழியாக 2020இல் வந்தது. ஊரடங்கில் உலகமே வீட்டில் சவர்டோ வளர்த்துக்கொண்டிருந்த வருஷம்! இளையோருக்கான ஆண்ட்ரே நார்ட்டன் விருதும் லோட்ஸ்டார் விருதும் கிடைத்தன.

காசு விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன், சந்தோஷமான விஷயம் இல்லை. பிரிட்டனில் எழுத்தாளர்களுக்கான உரிமத் தொகையை வசூலித்துக் கொடுக்கும் ஏ.எல்.சி.எஸ். அமைப்பு 2022இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, எழுத்தையே முதன்மைத் தொழிலாக வைத்திருப்பவர்களுக்கு எழுத்திலிருந்து வரும் இடைநிலை வருமானம் (வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவருடையது) வருஷத்துக்கு 7,000 பவுண்டு. 2006இல் அது 12,330ஆக இருந்தது. அந்த ஊரில் இதை வைத்து வாடகைகூடக் கட்ட முடியாது. அதனால் படத்தில் தெரியும் அந்த அமைதியான சமையலறைக்குப் பின்னால் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் துணைவரோ, பகல் வேலையோ, பிரபலமான வரிசை ஒன்றோ இருக்கும். கடையில் விற்கும் நல்ல சவர்டோ விலையைப் பார்த்தால், வீட்டில் சுடுவது சிக்கனமும்கூட.

புத்தகம் படிப்பதும் வேலைதான். ஃபேண்டஸி எழுதுகிறவர்கள் ஃபேண்டஸி மட்டும் படித்தால் ஸ்டியூவே மறுபடி மறுபடி கொதிக்கும். சமையல், விவசாயம், சட்டம், துணி, சாலை என்று உலகத்தைத் தாங்கி நிற்கிற விஷயங்களைப் படிக்க வேண்டும். டோரதி ஹார்ட்லி 1954இல் எழுதிய 'ஃபுட் இன் இங்கிலண்ட்', எலிசபெத் டேவிட் 1977இல் எழுதிய 'இங்கிலிஷ் பிரெட் அண்ட் யீஸ்ட் குக்கரி' இரண்டும் பார்க்கச் சமையல் புத்தகம். உள்ளே ஓவன், ஆலை, விறகு, பண்டிகை என்று ஒரு நாடே இருக்கிறது.

நீங்களும் முயலலாமா? தாராளமாக. நம் ஊரில் இரண்டு விஷயம் மட்டும் மாறும். ஒன்று வெயில். லேஹி சொல்லும் 12 முதல் 18 மணி நேரம் நியூயார்க் அறைக்கானது. சென்னை மே மாதத்தில் அவ்வளவு நேரம் விட்டால் மாவு புளித்து அடங்கி, தண்ணீராகிவிடும். இட்லி மாவு கோடையில் எவ்வளவு சீக்கிரம் பொங்குகிறது என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈஸ்ட்டைக் குறையுங்கள், அல்லது பாதி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டாவது மாவு. நம் ஆட்டா கல்லில் அரைபடும்போது மாவுச்சத்து உடைவதாலும், தவிடு இருப்பதாலும் தண்ணீரை அதிகம் குடிக்கும். 400 கிராமில் பாதி மைதா, பாதி ஆட்டா போட்டு, 300 மில்லி தண்ணீரில் ஆரம்பித்து, மாவு இறுக்கமாகத் தெரிந்தால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். உப்பு 8 கிராம். சின்ன ஓ.டி.ஜி. ஓவனே போதும். உள்ளே போகும் அளவுக்கு மூடியுள்ள கனமான சட்டி ஒன்று வேண்டும். கைப்பிடியிலும் மூடிக்குமிழிலும் பிளாஸ்டிக் இருக்கக் கூடாது. சட்டியையும் சேர்த்து 230 டிகிரிக்குச் சூடாக்கி, மூடி போட்டு அரை மணி, மூடாமல் கால் மணி. சுட்டதும் வெட்டாமல் ஒரு மணி நேரம் ஆறவிட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் பிசுபிசுக்கும்.

படிக்க ஆரம்பிப்பதென்றால் கிங்ஃபிஷரின் மோனாவிலிருந்து தொடங்குங்கள். முதல் பக்கங்களிலேயே பேக்கரித் தரையில் ஒரு பிணம் கிடக்கும், அதனால் ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பன்னிரண்டு வயதுக்கு மேல் சரியாக இருக்கும். மெக்கின்லியின் நாவல் பெரியவர்களுக்கு. ரத்தம் நிறைய, சினமன் ரோல் அதைவிட நிறைய.